10 மி.மீ. பிளேட் போட்டும் ஏன் கிழிகிறது? ஆஃப்-ரோடு வண்டிக்குப் பாகம் செய்வதன் அடிப்படை

ஆஃப்-ரோடு வண்டிக்குப் பட்டறையில் பாகம் செய்யும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "10 எம்.எம். பிளேட் போட்டாச்சு, இனிமே அசையாது." கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் அந்தப் பிளேட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது ஒட்டியிருந்த சேஸிஸ் சுவர்தான் கிழிந்து, பிளேட்டோடு சேர்ந்து பிய்ந்து வந்திருக்கும். உடனே வெல்டிங் சரியில்லை என்று வெல்டர் மேல் பழி விழும். பல நேரம் வெல்டிங்கில் ஒரு குறையும் இருக்காது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பாகம் தாங்குமா தாங்காதா என்பதைத் தடிமனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. டயரிலிருந்து கிளம்பும் விசை எந்த வழியாக வண்டிக்குள் போகிறது, அந்த வழியில் எங்கே திடீரென்று குறுகுகிறது அல்லது திரும்புகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு பார்வை பிடிபட்டால் பிராக்கெட் (ஒரு பாகத்தைச் சேஸிஸோடு பிடிக்கும் துண்டு), ராக் ஸ்லைடர் (வண்டியின் பக்கவாட்டு அடியைப் பாறையிலிருந்து காக்கும் தடுப்பு), பம்பர், ஷாக் மவுண்ட் (ஷாக் அப்சார்பரை மாட்டும் இடம்) எல்லாமே ஒரே கணக்குதான்.

பலம் வேறு, விறைப்பு வேறு

இரண்டையும் போட்டுக் குழப்புவதில்தான் பாதி தவறு தொடங்குகிறது.

பலம் என்பது நிரந்தரமாக வளையாமல் எவ்வளவு விசையைத் தாங்கும் என்ற அளவு. சாதாரண மைல்ட் ஸ்டீல் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 25 கிலோ வரை தாங்கும்; அதைத் தாண்டினால் வளைந்தது வளைந்ததுதான், பழைய வடிவத்துக்குத் திரும்பாது. குரோமோலி என்று சொல்லப்படும் 4130 ஸ்டீல், வழக்கமாகக் கிடைக்கும் நிலையில், 40 கிலோவுக்கு மேல் தாங்கும்.

விறைப்பு என்பது அந்த எல்லைக்குள் இருக்கும்போது எவ்வளவு குறைவாக வளைகிறது என்ற அளவு. இங்கேதான் பலருக்கு ஆச்சரியம். மைல்ட் ஸ்டீலானாலும் குரோமோலியானாலும் உலோகத்தின் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே அளவுக் குழாயை இரண்டிலும் செய்து ஒரே எடையைத் தொங்கவிட்டால் இரண்டும் ஒரே அளவுதான் வளையும். குரோமோலி, நிரந்தர வளைவு விழும் இடத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவே. ஆட்டம் அதிகமாக இருக்கும் ஒரு மவுண்ட்டைச் சரிசெய்ய விலை உயர்ந்த ஸ்டீல் வாங்குவது வீண் செலவு. வடிவத்தை மாற்றினால்தான் ஆட்டம் குறையும்.

டி.ஓ.எம். குழாய் பற்றியும் இப்படி ஒரு தவறான எண்ணம் உண்டு. அது ஒரு உலோக வகையின் பெயர் என்று நினைக்கிறார்கள். தகட்டைச் சுருட்டி, நீளவாக்கில் வெல்ட் செய்தால் அது ஈ.ஆர்.டபிள்யூ. குழாய். அதையே உள்ளே ஓர் உருளையை வைத்துக் குளிர்நிலையில் இழுத்தால் டி.ஓ.எம். குழாய். இழுக்கும்போது அளவு துல்லியமாகிறது, உலோகமும் இறுகிப் பலம் கூடுகிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அப்படிக் கூடிய பலத்தில் ஒரு பகுதி திரும்பப் போய்விடும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

வடிவம் செய்யும் வேலை

44.5 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. சுவரும் உள்ள குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதே எடை ஸ்டீலை உள்ளீடு நிறைந்த கம்பியாக்கினால் விட்டம் 22 மி.மீ. சொச்சம்தான் வரும். வளைவுக்கு எதிராக அந்தக் குழாய் இந்தக் கம்பியைவிட ஏறக்குறைய 7 மடங்கு விறைப்பானது, பலத்தில் மூன்றரை மடங்கு. எடையில் ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லை. வளையும்போது ஒரு பக்கம் நீள்கிறது, எதிர்ப்பக்கம் சுருங்குகிறது, நடுவில் இருக்கும் உலோகத்துக்கு வேலையே இல்லை. வேலை இல்லாத இடத்திலிருந்து உலோகத்தை எடுத்து ஓரத்தில் வைத்ததால்தான் குழாய் ஜெயிக்கிறது.

தட்டையான பிளேட்டிலும் தடிமனுக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. தடிமனை இரட்டிப்பாக்கினால் வளைவுக்கு எதிரான பலம் 4 மடங்கும் விறைப்பு 8 மடங்கும் கூடும். ஆனால் 5 மி.மீ. பிளேட்டின் ஓரத்தை 20 மி.மீ. அளவுக்கு மடித்துவிட்டாலோ, மூலையில் ஒரு முக்கோணத் தகட்டை நிறுத்தி வெல்ட் செய்தாலோ, எடையை இரட்டிப்பாக்காமலே அதைவிட நல்ல விறைப்பு கிடைக்கும். இப்படி மூலையைத் தாங்கும் முக்கோணத் தகட்டுக்குக் கசெட் என்று பெயர்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஸ்டீல் வகையை மாற்றினால் பலம் மாறும், விறைப்பு மாறாது. விறைப்பு வேண்டுமென்றால் உலோகத்தை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்த வேண்டும்.

விசை எங்கே கூட்டமாகிறது

பிளாஸ்டிக் பாக்கெட்டைக் கையால் இழுத்துப் பாருங்கள், எளிதில் கிழியாது. ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தால் இரண்டு விரலில் கிழிந்துவிடும். பிளாஸ்டிக் அதேதான், இழுப்பும் அதேதான். வெட்டு இருக்கும் இடத்தில் நேராகப் போக முடியாத விசை, வெட்டின் முனையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. அந்த முனையில் மட்டும் சுமை பல மடங்கு ஏறிவிடுகிறது.

ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் உலோகமும் சுமக்கும் விசையைத் தகைவு என்பார்கள். பாக்கெட்டின் வெட்டு முனையில் நடப்பது தகைவுக் குவிப்பு. வண்டியில் அந்த வெட்டு முனைக்குச் சமமான இடங்கள் நிறைய: கூர்மையான உள்மூலை, கேஸ் கட்டிங்கில் எடுத்த கரடுமுரடான ஓட்டை, கிரைண்டர் டிஸ்க் கொஞ்சம் தவறிப் போட்ட கோடு, எல்லாவற்றுக்கும் மேலாக வெல்டிங்கின் விளிம்பு. வெல்ட் உலோகம் முடிந்து தகடு தொடங்கும் அந்த மெல்லிய கோட்டில் வடிவம் திடீரென்று மாறுகிறது. சூட்டில் உலோகத்தின் தன்மையும் அங்கே மாறியிருக்கிறது. குளிரும்போது சுருங்கிய வெல்ட், தகட்டை எப்போதும் இழுத்துப் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. மூன்றும் ஒரே இடத்தில் சேர்வதால் விரிசல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

ஒரே அடியில் உடைவது அபூர்வம். கரடுமுரடான பாதையில் ஒவ்வொரு குலுங்கலும் சிறு விசைதான். அது ஆயிரக்கணக்கான முறை, பிறகு லட்சக்கணக்கான முறை வரும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் தொடங்கிச் சிறிது சிறிதாக நீளும். இதுதான் உலோகச் சோர்வு. வெல்ட் செய்த மூட்டின் சோர்வுத் தாங்குதிறன், உயர்ந்த ரக ஸ்டீல் போட்டதால் கூடிவிடாது. வெல்ட் விளிம்பின் வடிவம்தான் அதைத் தீர்மானிக்கிறது. விலை உயர்ந்த பிளேட் வாங்கி, விறைப்பான பெட்டி மாதிரி ஒரு பிராக்கெட் செய்து, அதை 3 மி.மீ. சேஸிஸ் சுவரில் நேர்க்கோடாக வெல்ட் செய்தால், வளைய வேண்டிய எல்லாமே அந்த 3 மி.மீ. சுவரில் வெல்ட்டை ஒட்டிய ஒரு கோட்டில் வளையும். முதல் பத்தியில் சொன்ன கிழிசல் இப்படி வருவதுதான்.

சேஸிஸில் ஒட்டும் இடம்

மெல்லிய சுவருக்கும் தடித்த பிராக்கெட்டுக்கும் இடையில் ஒரு படி வைக்க வேண்டும். 3 மி.மீ. சேஸிஸ் சுவர் என்றால் 4 மி.மீ. தகடு ஒன்றை முதலில் சுவரில் ஒட்டி, அதன் மேல் 5 அல்லது 6 மி.மீ. காதுகளை, அதாவது போல்ட் ஓட்டையோடு நிமிர்ந்து நிற்கும் தகடுகளை, நிறுத்துவது நல்ல அளவு. இந்த இடைத்தகட்டை டப்ளர் என்பார்கள். பிராக்கெட்டின் காலடியைவிட நீளவாக்கில் இரண்டு பக்கமும் 50 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும்.

டப்ளரின் வடிவம் அதன் தடிமனைவிட முக்கியம். சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் சுற்றி வெல்ட் செய்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சேஸிஸ் வளையும்போது விசை நீளவாக்கில் ஓடுகிறது. அதற்குக் குறுக்கே செங்குத்தாக ஒரு வெல்ட் கோடு விழுந்தால், சேஸிஸுக்கு நாமே கிழிகோடு போட்டுக் கொடுத்தது போலாகிவிடும். இரண்டு முனைகளையும் சாய்வாக, வைரக்கல் வடிவில் வெட்ட வேண்டும். மூலைகளை உருட்டிவிட வேண்டும். வெல்ட் நீளவாட்டிலும் சாய்விலும் ஓடட்டும், செங்குத்தாக எங்கும் வேண்டாம். தகட்டின் நடுவில் 12 மி.மீ. ஓட்டை இரண்டு போட்டு, அவற்றுக்குள்ளும் வெல்ட் நிரப்பினால் தகடு சுவரோடு சேர்ந்தே வேலை செய்யும்.

சேஸிஸின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் கை வைக்கக் கூடாது. வளைவின் முழு இழுப்பும் அமுக்கமும் அங்கேதான். ஓட்டையோ வெல்ட்டோ பக்கச் சுவரில், உயரத்தின் நடுப்பகுதியை ஒட்டி வரும்படி திட்டமிட வேண்டும். கனரக லாரிகளில் பலவற்றின் சேஸிஸ் சூட்டுப் பதம் கொடுத்த உயர்பலம் கொண்ட ஸ்டீல். வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். அப்படிப்பட்ட சேஸிஸில் வெல்ட் செய்யக் கூடாது, தட்டுகளில் ஓட்டை போடக் கூடாது என்று தயாரிப்பாளரே எழுதி ஒட்டியிருப்பதுண்டு. அங்கே போல்ட்தான் ஒரே வழி.

போல்ட் எப்படித் தாங்குகிறது

போல்ட் ஒரு ஆணி மாதிரி குறுக்கே நின்று சுமையைத் தடுக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். சரியாக முறுக்கிய போல்ட் ஒரு விறைத்த ஸ்பிரிங். அது கொஞ்சம் நீண்டு, இரண்டு தகடுகளையும் நெருக்கிப் பிடிக்கிறது. அந்த நெருக்கத்தால் வரும் உராய்வுதான் தகடுகளை நகரவிடாமல் வைக்கிறது. 8.8 என்று தலையில் குறியுள்ள 12 மி.மீ. போல்ட்டை, எண்ணெய் இல்லாமல், 80 முதல் 90 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கினால் சுமார் மூன்றரை டன் நெருக்கம் கிடைக்கும்.

இந்த நெருக்கம் போனால்தான் சிக்கல் ஆரம்பம். தகடுகளுக்கு இடையில் தடித்த பெயின்ட் பூச்சு இருந்தால், அது நாளடைவில் நசுங்கி, போல்ட்டின் இறுக்கம் குறையும். குறைந்ததும் தகடு நகரும், ஓட்டையில் போல்ட் தட்டித் தட்டி ஓட்டை முட்டை வடிவமாகும். பெட்டி வடிவ சேஸிஸில் வேறு மாதிரி: போல்ட்டை முறுக்க முறுக்க இரண்டு சுவர்களும் உள்ளே குழியும், இறுக்கம் ஏறவே ஏறாது. இரண்டு சுவரையும் துளைத்து, உள்ளே ஒரு தடித்த குழாய்த் துண்டை நிறுத்தி, இரு முனையிலும் வெல்ட் செய்துவிட்டால் போல்ட் அந்தக் குழாயைத்தான் நெருக்கும். இந்தத் துண்டைக் கிரஷ் ஸ்லீவ் என்பார்கள். பெட்டி வடிவ சேஸிஸைத் துளைத்துப் போகும் எந்தப் போல்ட்டுக்கும் இது கட்டாயம்.

ஷாக், லிங்க் (ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் தண்டு) போன்றவற்றின் போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் தொங்கவிடக் கூடாது. இரண்டு பக்கமும் காது இருந்தால் சுமை இரண்டாகப் பிரியும், போல்ட் வளைவதும் பெரும்பாலும் நின்றுவிடும். காதின் ஓட்டைக்குள் போல்ட்டின் வழவழப்பான தண்டுப் பகுதி இருக்க வேண்டும், மரை இருக்கக் கூடாது. மரையின் ஒவ்வொரு பள்ளமும் பாக்கெட்டின் வெட்டு மாதிரிதான்.

சுருக்கமாக: வெல்ட் கோடு விசைக்குக் குறுக்கே போகக் கூடாது, தடிமன் படிப்படியாக மாற வேண்டும், போல்ட்டின் நெருக்கம் குறையவிடக் கூடாது.

ஒரு ஷாக் பிராக்கெட்டைச் செய்து பார்ப்போம்

ஸ்பிரிங்கை உயர்த்திய வண்டிக்கு நீளமான ஷாக் போடுகிறோம், அதற்கு மேல் மவுண்ட் வேண்டும். ஸ்டீலைத் தொடும் முன் அளவு எடுக்க வேண்டும். வண்டியைச் சேஸிஸில் ஸ்டாண்ட் வைத்து நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஆக்சிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப்பில் முட்டும் வரை ஏற்றுங்கள். பம்ப் ஸ்டாப் என்பது ஆக்சில் மேலே வரும்போது கடைசியாக முட்டி நிற்கும் ரப்பர் தடுப்பு. பிறகு முழுக்க இறக்குங்கள். ஒரு சக்கரம் மேலேயும் மறு சக்கரம் கீழேயும் இருக்கும் நிலையையும் பாருங்கள். முன் ஆக்சில் என்றால் ஒவ்வொரு நிலையிலும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். டயர் பிராக்கெட்டை உரசுவது பெரும்பாலும் அந்த மூலை நிலையில்தான்.

ஷாக் முழுக்க மூடினால் 380 மி.மீ., முழுக்கத் திறந்தால் 610 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆக்சில் பம்ப் ஸ்டாப்பில் அமுங்கி நிற்கும்போது ஷாக்கின் இரண்டு கண்களுக்கும் (முனைகளில் போல்ட் நுழையும் வளையங்கள்) இடையே 400 மி.மீ. இருக்கும்படி மேல் மவுண்ட்டின் இடத்தைக் குறியுங்கள். அந்த 20 மி.மீ. மீதிதான் ஷாக்கையும் பிராக்கெட்டையும் காப்பாற்றுகிறது. ரப்பர் அமுங்கி முடிப்பதற்குள் ஷாக் மூடிவிட்டால் வண்டியின் முழு அடியும் ஒரு 12 மி.மீ. போல்ட்டில் இறங்கும். ஆக்சில் தொங்கும்போதும் 610-ஐத் தொடாமல் கொஞ்சம் மீதி இருக்க வேண்டும்.

அடுத்து அட்டையில் மாதிரி வெட்டுங்கள். அட்டையை மடித்து, வைத்துப் பார்த்து, திரும்ப வெட்டுவதற்குச் சில நிமிடம்தான், 6 மி.மீ. தகட்டில் அதே திருத்தம் அரை நாளைத் தின்னும். போல்ட்டின் மையத்தைச் சேஸிஸ் சுவருக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். சுவரிலிருந்து 60 மி.மீ. இருந்ததை 120 ஆக்கினால் சுவரை முறுக்கும் விசையும் இரட்டிப்பாகும்.

காதின் ஓட்டையை டிரில்லில் போடுங்கள். ஓட்டை மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை போல்ட் விட்டத்தைப் போல் 2 மடங்கு, அதாவது 24 மி.மீ. விட்டால் நிம்மதி. பிசிறை எடுத்து, எல்லா ஓரத்தையும் ஃபைலால் ஒருமுறை உருட்டிவிடுங்கள்.

இரண்டு காதுகளுக்கும் நடுவே விடும் இடைவெளியில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஷாக் கண்ணின் ரப்பருக்கு நடுவில் ஓர் இரும்புக் குழாய் இருக்கும். போல்ட்டை முறுக்கும்போது காதுகள் அந்தக் குழாயை இருபுறமும் நெருக்கிப் பிடிக்க வேண்டும். ஷாக் ஆடும்போது குழாய் அசையாது, ரப்பர் மட்டும் முறுகும். இடைவெளி 3 மி.மீ. அதிகமாகிவிட்டால் போல்ட்டின் இறுக்கம் முழுவதும் காதுகளை உள்ளே வளைப்பதிலேயே செலவாகும். குழாய் நெருக்கப்படாமல் சுழலும், ஓட்டையைத் தின்னும். வெல்ட் குளிரும்போது காதுகளை உள்ளே இழுக்கவும் செய்யும். அதனால் அந்தக் குழாயின் நீளத்துக்கு ஒரு ஸ்டீல் துண்டு வெட்டி, கூடவே ஷிம் எனப்படும் அரை மி.மீ. மெல்லிய தகடு ஒன்று சேர்த்து, காதுகளுக்கு நடுவில் போல்ட் போட்டு முறுக்கிவிட்டே வெல்ட் செய்யுங்கள். முழுக்க ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். உண்மையான ஷாக்கை வைத்துக்கொண்டு வெல்ட் செய்யவே கூடாது: ரப்பர் உருகும், வெல்டிங் பொறி ஒன்று பிஸ்டன் தண்டில் ஒட்டினாலும் ஆயில் சீல் கிழியும், கேஸ் அடைத்த ஷாக் சூடேறினால் ஆபத்து.

வெல்டிங்கில் கவனிக்க வேண்டியவை

வெல்ட் போகும் இடத்தைச் சுற்றி 25 மி.மீ. அகலத்துக்குப் பெயின்ட்டையும், புதுத் தகட்டின் மேல் இருக்கும் கருநிறப் படலத்தையும் வெள்ளி நிறம் வரும்வரை கிரைண்டரால் எடுங்கள். மிக் வெல்டிங் என்றால் 0.9 மி.மீ. ஈஆர்70எஸ்-6 கம்பியும், ஆர்கான் 75 முதல் 80 சதவீதம், மீதி கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவும் இந்தத் தடிமனுக்குப் பொருத்தம். முதலில் நான்கைந்து இடத்தில் பொட்டு வெல்ட் வைத்து, ஆக்சிலை மறுபடி ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே முழு வெல்ட்.

மூலை வெல்ட்டின் கால் (தகட்டின் மேல் அது படரும் அகலம்) 6 மி.மீ. என்றால் நடுவே உண்மையில் சுமை தாங்கும் தடிமன் அதில் 0.7 பங்கு, சுமார் 4.2 மி.மீ. அதற்காக மலைபோல் குவிக்க வேண்டாம். மெல்லிய தகட்டின் தடிமனைத் தாண்டிய வெல்ட் சூட்டையும் சுருக்கத்தையும்தான் கூட்டும். காதின் ஓரத்தில் வெல்ட்டை நிறுத்தாமல் மூலையைச் சுற்றிக் கொண்டுபோய் முடியுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள்.

மேலே அழகாகத் தெரியும் வெல்ட் உள்ளே பிடிக்காமல் இருக்கலாம். அதே தடிமனில் இரண்டு கழிவுத் துண்டுகளை ஒரு பக்கம் மட்டும் வெல்ட் செய்து, வைஸில் பிடித்து, வெல்ட்டின் வேர் (அடிப்பகுதி) திறக்கும் திசையில் சுத்தியலால் அடித்துப் பாருங்கள். தகடு மடிய வேண்டும். வெல்ட் தகட்டிலிருந்து உரிந்து வந்தால் கரண்ட் போதவில்லை. இந்தச் சோதனையில் தேறாத செட்டிங்கோடு வண்டியைத் தொட வேண்டாம்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் கரண்ட் வீல் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். துத்தநாகப் பூச்சுள்ள தகட்டின் புகை காய்ச்சலைக் கொடுக்கும், பூச்சைத் தேய்த்து எடுத்த பின்பே வெல்ட். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயு உண்டாகும், உயிருக்கே ஆபத்து. பெட்ரோல், பிரேக் குழாய்கள் சேஸிஸின் மறுபக்கம் ஓடுகின்றனவா என்று கையால் தடவிப் பாருங்கள். தீயணைப்பான் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஸ்டீயரிங் பாகங்கள், வார்ப்பிரும்பு ஆக்சில் ஹவுசிங், வண்டியை இழுத்து மீட்கும் கொக்கி இந்த மூன்றையும் முதல் வேலையாக எடுக்காதீர்கள். அவை விட்டுப்போனால் உடைவது பாகம் மட்டுமாக இருக்காது.

ஓட்டிய பிறகு

முதல் கரடுமுரடான ஓட்டம் முடிந்ததும் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள். வெல்ட் விளிம்புகளைக் கழுவித் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழைக் கோடு, அதன் ஓரமாகத் துருக் கசிவு தெரிந்தால் சந்தேகம்தான். விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, 10 நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாக மேலே வரும். பெயின்ட்டை நீக்கிய உலோகத்தில்தான் இது வேலை செய்யும்.

விரிசல் கண்டால் அதன் மேலேயே ஒரு வெல்ட் ஓட்டிவிடுவது பயன் தராது, அடியில் விரிசல் அப்படியே இருக்கும். கோட்டின் இரு முனைகளையும் சாயத்தால் உறுதிசெய்து, முனையில் ஒரு சிறு ஓட்டை போட்டு நிறுத்தி, விரிசல் முழுவதும் மறையும்வரை கிரைண்டரால் வி வடிவில் தோண்டி எடுத்து, பிறகு நிரப்ப வேண்டும். அது டப்ளரின் முனையில் தொடங்கியிருந்தால் டப்ளரை இன்னும் நீளமாக, இன்னும் சாய்வாக மாற்றுங்கள். காதின் அடியில் தொடங்கியிருந்தால் பக்கவாட்டில் ஒரு கசெட் வேண்டும். ஓட்டையில் தொடங்கியிருந்தால் போல்ட் எத்தனை காலமாகத் தளர்ந்திருந்தது, ஏன் தளர்ந்தது என்று முதலில் பாருங்கள்.